அந்த ஆறு வருடத்துக்கு யார் பொறுப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் காதல் முறிந்த பழியை மொத்தமாக ஆன் எலியட் தலையிலும் அவளுக்குப் புத்தி சொன்ன லேடி ரஸ்ஸல் தலையிலும் கட்டிவிட்டு, அவள் காதலன் கேப்டன் வென்ட்வொர்த்தை அப்படியே தப்பவிட்டுவிட்டார்கள்.

ஆனுக்கு அப்போது 19 வயது, அம்மா இல்லை. அப்பா சர் வால்டருக்குத் தன் அழகையும் பட்டத்தையும் ரசிக்கவே பொழுது போதாது (அவர் வீட்டை வாடகைக்கு எடுக்கும் அட்மிரல் கிராஃப்ட், அறையிலிருந்த பெரிய பெரிய கண்ணாடிகளை வெளியேற்றுவது நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம்). தாய் ஸ்தானத்தில் இருந்த ஒரே ஆள் லேடி ரஸ்ஸல். அவர் வேண்டாம் என்கிறார், அவள் அந்தப் பேச்சைக் கேட்டுக் காதலை முறித்துக்கொள்கிறாள். பிரான்சோடு போர் நடக்கிற 1806-இல், சொத்தில்லாத ஒரு கடற்படை அதிகாரியை நம்பிப் பெண்ணைக் கொடுக்கப் பயந்ததில் அப்படி என்ன அநியாயம்?

சரி, அப்புறம் நடந்ததைப் பார்ப்போம். இரண்டே வருடத்தில், கையில் சில ஆயிரம் பவுண்டும் லகோனியா என்ற கப்பலின் தலைமையும் வென்ட்வொர்த்துக்குக் கிடைத்துவிடுகின்றன. அப்போது ஒரு கடிதம் போட்டிருந்தால் மறுபடி சம்மதித்திருப்பாயா என்று கதை முடியும் நேரத்தில் அவளிடம் கேட்கிறான், அவள் பதிலில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆறு வருடப் பிரிவைத் தவிர்த்திருக்கலாம், தன் வீம்புதான் விடவில்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அதாவது முதல் இரண்டு வருடம்தான் லேடி ரஸ்ஸல் கணக்கு. திரும்பி வந்தவன் சும்மாவும் இருக்கவில்லை, ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டாள் என்று சொல்லிவிட்டு அவள் கண்ணெதிரே, அவள் தங்கை வாழ்க்கைப்பட்ட மஸ்குரோவ் வீட்டுப் பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான்.

ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவில் அட்மிரல் வீட்டில் இருவரும் தற்செயலாகத் தனியாக மாட்டிக்கொண்டு சமாதானமாகிவிடுகிறார்கள். அது பிடிக்காமல் 1816-இல் மாற்றி எழுதினார்; கழித்த பக்கங்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. புதிய முடிவில், பாத் நகர விடுதியில் அவன் வேறு ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருக்க, சற்றுத் தள்ளி ஆனும் அவன் நண்பர் கேப்டன் ஹார்வில்லும் ஆணின் காதல் நீடிக்குமா பெண்ணின் காதல் நீடிக்குமா என்று வாதாடுகிறார்கள். காதை அங்கே வைத்திருந்தவன் கையிலிருந்து பேனா விழுகிறது. அப்புறம்தான் யாருக்கும் தெரியாமல் அவளுக்கு எழுதுகிறான். 1808-இலேயே போட்டிருக்க வேண்டிய கடிதத்தை அவன் கையாலேயே எழுத வைக்கத்தான் ஆஸ்டின் முடிவை மாற்றினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டுரையாளர் அந்தக் கடிதத்தை வானளாவப் புகழ்ந்திருக்கிறார், புகழட்டும். அது எத்தனை வருடம் தாமதமாக வந்தது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்