தம்பிக்கு அம்மா எழுதுவது

தம்பி,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு இரண்டும் வருகிறது, படிக்கிறாய் என்று தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. பினாங்கில் வெயில் கொளுத்துகிறது. வெயில் என்றதும் நீ சேர்த்து வைத்திருக்கிற பழைய வீடியோ கேம் பெட்டிகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன, அந்த அலமாரி இன்னும் சன்னல் பக்கம்தானே இருக்கிறது, திரை போட்டாயா? அக்ரிலிக் கூட்டுக்குள் இருந்தாலும் வெயில் பட்டால் அட்டையின் நிறம் வெளுத்துவிடும். திரை போடு.

பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா? மருமகள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவளைப் போய்க் கேட்காதே. சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிகிற அந்த மூன்றாவது கணக்கில் மட்டும் கை வைக்காதே. வைத்திருந்தால் போகட்டும், இனி வைக்காதே.

2021 ஜூலை, கோவிட் எம்சிஓ ஊரடங்கு நேரம், நீ கேஎல்லில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாய். ராத்திரி நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, அமெரிக்காவில் ஹெரிடேஜ் ஏலத்தில் ஒரு ஸெல்டா கேம் 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது என்றாய். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாய், சூப்பர் மாரியோ 64, பிரிக்காத பெட்டி, தரம் பார்க்கிற வாட்டா கம்பெனி போட்ட மார்க் 9.8, மேலே சுற்றிய பிளாஸ்டிக்குக்குத் தனியாக ஏ பிளஸ் பிளஸ், 15 லட்சத்து 60 ஆயிரம் டாலர் என்று. 1996இல் வந்த விளையாட்டுக்கு இவ்வளவா என்று அப்பா நம்பவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, இப்போதும்தான். ஒரு பெட்டியின் மூலையைப் பார்த்தே அது எந்த அச்சு என்று சொல்கிற பிள்ளை வேறு யாருக்கு இருக்கிறான்? ஆனால் அந்த வருஷம் ஏறிய விலை அப்புறம் இறங்கிவிட்டது என்று சொன்னதும் நீதான். ஏலம் கேட்ட விலைக்கு மேல் கமிஷன், அதற்கு மேல் அனுப்புகிற கூலி, இன்சூரன்ஸ். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறாயா? கூட்டிப் பார். மூன்றாவது கணக்கைப் பற்றிச் சொன்னதை மறக்காதே.

இந்தத் தைப்பூசத்துக்கும் நீ வரவில்லை. தண்ணீர்மலைக் கோயிலில் உன் பழைய கூட்டாளி, உனக்குப் பெட்டிகள் விற்ற அந்த ஈப்போ தம்பியின் அம்மாவைப் பார்த்தேன். பந்தலில் மோர் வாங்கிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அப்பாவைக் கேட்டார், பாப்பாவைக் கேட்டார், என் முட்டிவலியைக் கூடக் கேட்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருஷா வருஷம் தீபாவளிக்கு அந்தப் பிள்ளை நம் வீட்டில் சாப்பிடாமல் போனதில்லை, தம்பி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிரித்து மறுபடி சுற்றிய பெட்டியை விற்று அவன் உன்னை ஏமாற்றவில்லை. அவனிடம் நீ வாங்கிய அந்த இரண்டு பெட்டியையும் பிரித்தது நான்.

2017 நவம்பர் வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஜாலான் பி. ரம்லி முழுக்கத் தண்ணீர், வீட்டுக்குள் இடுப்பளவு. அப்போது இங்கே இருந்த உன் அலமாரியின் மேல்தட்டில் இருந்த மூன்று பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தட்டில் இருந்த இரண்டின் மேல் கூரை ஒழுகியிருக்கிறது. துடைத்துப் பார்த்தால் பிளாஸ்டிக்குக்கு உள்ளே ஆவி கட்டியிருந்தது, ஒரு மூலையில் அட்டை லேசாக உப்பியிருந்தது. அப்படியே விட்டால் பூசணம் பிடிக்கும் என்று பயந்து, நகவெட்டியால் ஓரத்தைக் கீறிக் கழற்றினேன். உள்ளே சாம்பல் நிற கேம் கட்டை, அதற்குக் கறுப்பு உறை, அடியில் வெள்ளைப் பொலிஸ்டரீன் துண்டு, ஒரு சின்னப் புத்தகம். எல்லாவற்றையும் பழைய மக்கள் ஓசை பேப்பரைப் பரப்பி மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் காய வைத்தேன். நன்றாகவே காய்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். நீ பார்த்தால் மனசு உடைந்துவிடுவாயே என்று நினைத்தேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் 22 வருஷம் பேக்கிங் லைனில் நின்றவள், எனக்குத் தெரியாத பிளாஸ்டிக்கா? ஹேம்பர் கட்டி விற்கிற என் கூட்டாளி வீட்டுக்கு எடுத்துப்போய், என் கையாலேயே சுற்றிச் சூடு காட்டினேன். கண்ணாடி மாதிரி இறுகி வந்தது. எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

நீ ஐந்தையும் மார்க் போட அமெரிக்காவுக்கு அனுப்பப் போகிறேன் என்றபோது சொல்லியிருக்க வேண்டும். மூன்று மார்க்கோடு வந்தன, இரண்டு மறுபடி சுற்றியது என்று திரும்பி வந்தன. வராமல் என்ன செய்யும்? கம்பெனியில் சுற்றியதில் பின்பக்கம் பிளாஸ்டிக் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிய கோடு இருந்தது, விரலால் தடவினாலே தெரியும். கூட்டாளியின் மெஷின் ஓரத்தில்தான் ஒட்டும். சுற்றும்போதே அந்த வித்தியாசத்தைப் பார்த்தேன். யார் இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நீ அந்த ஈப்போ தம்பியைப் பெட்டி சேர்க்கிறவர்கள் குழுவில் எல்லார் முன்னாலும் திருடன் என்று எழுதினாய், அதை எனக்கும் படித்துக் காட்டினாய், நான் ரசத்தைக் கிண்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இத்தனை வருஷம்.

உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். நீ யாரையும் நம்பாமல் தனியாக ராத்திரி முழுக்க ஏலம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு நானும் ஒரு காரணமோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவன் பக்கத்தில் இருந்தபோது இதை வாங்காதே, அதிக விலை என்று தடுக்க ஓர் ஆள் உனக்கு இருந்தான்.

கழற்றிய பிளாஸ்டிக்கை நான் எறியவில்லை. இரண்டும் பிஸ்கட் டின்னில் மடித்து இருக்கின்றன, பின்பக்கத்து ஒட்டு அப்படியே இருக்கிறது, நகவெட்டியால் கீறிய இடமும் தெரிகிறது. உனக்குப் பார்த்தாலே புரியும், அவனுக்கும் புரியும். சனிக்கிழமை காலை பட்டர்வொர்த்திலிருந்து ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், ஈப்போவில் இறங்கி முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். சாயந்திரம் அங்கிருந்து உன் வீட்டுக்கு வருவேன். கேஎல் சென்ட்ரலுக்கு வந்து கூட்டிப்போ, எனக்கு அந்தப் படிக்கட்டெல்லாம் முடியாது.

அம்மா