ஒரே நாற்காலியில் ஆடிய வீட்டிலிருந்து: 'ஓல்டன் எரா' செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அன்ஃப்ரோசன் குழுவினருக்கு,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செட்டிநாட்டு ஊரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் செய்துவரும் கணினி விளையாட்டான 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்: ஓல்டன் எரா'வின் டெமோவை 2025 தீபாவளியை ஒட்டி இறக்கி, மூன்று இரவு ஆடினேன். உங்களைப் பாராட்டவும் வேண்டும், சிலவற்றைக் கேட்கவும் வேண்டும். அதற்கு முன்னால் இந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நான் கேட்பது ஏன் என்று உங்களுக்கு விளங்கும்.

2001 கோடை விடுமுறை. எங்களுடையது ஐந்து புள்ளி வீடு. கல்யாணமான ஒவ்வொரு மகனும் இங்கே ஒரு புள்ளி. வளவு என்னும் உள்முற்றம் பொது, அடுப்பு தனி, கணக்கும் தனி. விடுமுறை விட்டால் சென்னை, கோயம்புத்தூர் என்று சிதறிக் கிடந்த பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்ந்துவிடுவோம். கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. ஐயாவின், அதாவது தாத்தாவின், தேக்கு மேசைமேல் அதை வைத்திருந்தார்கள். பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் கொண்டுவந்த 'ஹீரோஸ் 3' அதில்தான் ஓடியது. கோட்டை கட்டி, படை சேர்த்து, முறை வைத்துச் சண்டை போடும் ஆட்டம்; உங்கள் ஆட்டத்தின் வரிசையில் மூன்றாம் பாகம்.

நாங்கள் ஆடியது ஹாட்சீட் முறை. ஆட்டத்தில் ஒரு முறை என்பது ஒரு நாள். ஒருவர் தன் நாளை முடித்துவிட்டு எழுந்து, நாற்காலியை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் ஆடும்போது மற்றவர்கள் திரையைப் பார்க்கக் கூடாது. அதனால் வளவில் இறங்கி, வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நின்றுகொண்டிருப்போம். மத்தியான வெயிலிலும் அந்தக் கல் குளுகுளுவென்று இருக்கும். உள்ளே மவுஸ் சொடுக்கும் சத்தத்தை வைத்தே, சண்டை போடுகிறானா கோட்டையில் கட்டடம் கட்டுகிறானா என்று கண்டுபிடிப்போம். "சரி, ஆச்சி வா" என்று தம்பி கூப்பிட்டால் ஓடுவேன் (அக்காவை நாங்கள் ஆச்சி என்போம்).

ஐயா பினாங்கில் எங்களவர் கொடுக்கல் வாங்கல் செய்யும் கிட்டங்கிக்கு, கடைநிலை வேலையான பெட்டியடிப் பையனாகப் போய், மேலாளாக இருந்து திரும்பியவர். பிள்ளைகள் ஓயாமல் ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறதே என்று ஒருநாள் என் பின்னால் வந்து நின்றார். நான் அப்போது படைக்குத் தேவதைகளைத் தரும் கட்டடத்தைக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். 20,000 பொன் வேண்டும். கூடவே பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம் ஒவ்வொன்றிலும் 10. மற்றதெல்லாம் இருந்தது, கந்தகம் மட்டும் 4.

"அந்த மஞ்சள் என்ன?" என்றார்.

"கந்தகம், ஐயா. ஆறு குறையுது. சந்தையில படிகத்தைக் குடுத்து வாங்கிரலாம்."

"எத்தனைக்கு எத்தனை?"

சொன்னேன். ஒரே ஒரு சந்தை கையில் இருந்தால் மாற்று விகிதம் அநியாயமாக இருக்கும். சந்தைகள் கூடக் கூடத்தான் அது இறங்கும். ஐயா கொஞ்ச நேரம் யோசித்தார். "சுரங்கம் பிடிச்சா நாளுக்கு எத்தனை வரும்?" என்று கேட்டார். ஒன்று என்றேன். "அப்ப ஆறு நாள் பொறு" என்றார். ஆறு நாள் பொறுத்தால், உயிரினங்கள் பெருகும் வாரத்தின் முதல் நாள் தாண்டிவிடும், அந்த வாரத்துத் தேவதை கிடைக்காது என்று விளக்கினேன். உடனே நீள நோட்டு ஒன்றை எடுத்துவரச் சொல்லி, வரவு ஒரு பக்கம் பற்று ஒரு பக்கமாகக் கோடு போட்டார். அன்று முதல் எங்கள் ஒவ்வொருவருடைய ராஜ்யத்துக்கும் அந்த நோட்டில் ஒரு ஐந்தொகை (மொத்த இருப்புக் கணக்கு) இருந்தது. 500 பொன் தரும் கிராம மன்றத்தை எப்போது 1,000-க்கு உயர்த்துவது, 2,000 தாண்டி 4,000 தரும் தலைமை மன்றத்துக்குப் போவதா, அந்தக் காசைப் படையில் போடுவதா என்று சாப்பாட்டு இலைக்கு முன்னாலும் பேச்சு நடந்தது. அப்பத்தா படையின் ஏழு கட்டத்தைப் பார்த்து, "பல்லாங்குழி மாதிரி ஒரு பக்கத்துக்கு ஏழு குழியா?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. சரியான கேள்வி. குழியில் முத்து எப்படிப் பிரிகிறது என்பதுதான் இங்கேயும் ஆட்டம்.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்த ஆட்டத்தின் உயிர், பற்றாக்குறையை எண்ணி எண்ணிச் செலவழிப்பதில் இருக்கிறது. டிராகனும் தேவதையும் அதற்குமேல் பூசிய சுண்ணாம்பு. எங்கள் ஊர்ச் சுவரில் பூசும் முட்டைச் சுண்ணாம்பு போலப் பளபளப்பாக இருக்கும், நானும் ஆசையாகத் தடவிப் பார்ப்பேன். ஆனால் உள்ளே செங்கல் வேண்டும்.

அந்தக் கண்ணோடுதான் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து வந்திருக்கிறேன். ஜான் வான் கேனகெம்மின் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் 1995-இல் முதல் பாகத்தைக் கொண்டுவந்தபோது கோட்டை வகை நான்குதான். 1996-இல் இரண்டாம் பாகம் அதை ஆறாக்கியது, உயிரினங்களை மேம்படுத்தும் வழியும், படையை நடத்தும் நாயகர்களுக்குத் திறன்களும் அதில்தான் வந்தன. 1999-இல் மூன்றாம் பாகம் எட்டுக் கோட்டை, கோட்டைக்கு ஏழு படி உயிரினம் என்று விரித்தது. மூன்றும் ஒரே வீட்டின் முதல் கட்டு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. முகப்பில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு வரை தெரியும்.

2002-இல் வந்த நான்காம் பாகம் நாயகனையே போர்க்களத்தில் இறக்கிவிட்டது. உயிரினங்கள் நாயகன் இல்லாமலே ஊர் சுற்றின. பலர் அதைத் திட்டுகிறார்கள். எனக்கு அதில் வந்த வண்டித் தொடர் பிடிக்கும். கோட்டையிலிருந்து படையைத் தானாக அனுப்பிவைக்கும் அந்த ஏற்பாடு நல்ல வியாபாரி யோசித்தது போல இருக்கும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பெருகும் உயிரினங்களை நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துவிட்டார்கள். வாரச் சந்தையை எடுத்துவிட்டுத் தெருவுக்கு ஒரு பெட்டிக்கடை வைத்ததைப் போல ஆகிவிட்டது. பொருள் கிடைக்கும், சந்தைக் கிழமையின் பரபரப்பு கிடைக்காது. ஏழாம் நாள் ராத்திரி, நாளைக்கு முதல் நாள் என்று தூக்கம் வராமல் கிடப்போமே, அது போய்விட்டது.

2006-இல் ரஷ்யாவின் நிவால் செய்த ஐந்தாம் பாகத்தை நான் மனதாரப் பாராட்டுவேன். முப்பரிமாணத்துக்குப் போனாலும் கணக்கை அவர்கள் கெடுக்கவில்லை. யார் அடுத்து அடிப்பார் என்று காட்டும் வரிசைப் பட்டை போர்க்களத்தில் புதுக் கணக்கு ஒன்றையே சேர்த்தது. 2007-இல் அதற்கு வந்த விரிவாக்கமான 'ட்ரைப்ஸ் ஆஃப் தி ஈஸ்ட்' ஒவ்வொரு உயிரினத்துக்கும் இரண்டாவதாக ஒரு மேம்பாட்டைத் தந்தது.

2011-இல் ஆறாம் பாகம். ஏழு வளங்களை நான்காகக் குறைத்துவிட்டார்கள். பொன், மரம், கனிமம், படிகம், அவ்வளவுதான். அந்த நான்கை வைத்து நோட்டில் கோடு போட உட்கார்ந்தேன், அரைப்பக்கம்கூட நிரம்பவில்லை. எல்லாக் கோட்டைகளின் ஆட்களையும் ஒரே இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், எந்தப் படையை எந்த வழியில் கொண்டுபோவது என்ற கவலையும் கரைந்துவிட்டது. ஆட ஆட அழகாக இருந்தது, யோசிக்கத்தான் ஒன்றும் இல்லை. 2015-இல் வந்த ஏழாம் பாகம் ஏழு வளங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. நல்ல எண்ணம்தான், பிழைகளோடு அவசரப்பட்டு வெளியே வந்தது.

இப்போது உங்கள் ஆட்டம். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் நடந்த ஆஷான் உலகத்தை விட்டு, பழைய உலகத்தின் ஜடாமே கண்டத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். அதைக் கேட்டபோதே சந்தோஷப்பட்டேன். டெமோவில் அறுகோணக் கட்டங்கள் விரிந்தபோது கை தானாகப் பழைய இடங்களைத் தேடியது. இரண்டில் ஒன்றாக மேம்படுத்தும் தேர்வை ஐந்தாம் பாகத்திலிருந்து எடுத்துக்கொண்டது புத்திசாலித்தனம். மந்திரங்களை வலுவாக்கச் செலவாகும் ரசவாதப் பொடி எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கில் புதிதாக ஒரு பத்தி கூடியிருக்கிறது, குறையவில்லை. நாட்டுக்குச் சட்டம் இயற்றும் ஏற்பாடும் அப்படித்தான், எதை முதலில் எடுப்பது என்று அரைமணி நேரம் யோசிக்க வைத்தது. பழைய பாகங்களுக்கு இசையமைத்த பால் ரோமேரோவின் இசை திரும்ப வருவது தனிச் சந்தோஷம். 2025-க்குள் என்று சொல்லியிருந்ததை 2026-க்குத் தள்ளிவைத்தீர்கள். அதற்காக யாராவது உங்களைக் குறை சொன்னால் ஏழாம் பாகத்தைக் காட்டுங்கள்.

பயம் ஒன்று இருக்கிறது. ஒற்றை நாயகன் முறையும், நேராகப் போர்க்களத்துக்குப் போகும் அரங்க முறையும் வைத்திருக்கிறீர்கள். என் தம்பி மகனுக்கு அரங்க முறைதான் பிடித்திருக்கிறது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறதாம். இருக்கட்டும். ஆனால் பலச் சமநிலை, போட்டி, புதுப்பிப்பு என்று உங்கள் உழைப்பெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. பெரிய வரைபடத்தில் இரண்டு மாதக் கணக்கோடு ஆடுகிறவர்கள் சத்தம் போட மாட்டார்கள். எண்ணிக்கையில் நாங்கள் குறைவில்லை.

அப்புறம் ஹாட்சீட். அதைப் பட்டியலில் கடைசி வரியாக வைத்துவிடாதீர்கள். ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும்வரை திரையை முழுக்க மூடுங்கள். எதிராளியின் நகர்வுகளைக் காட்டுவதை வேகமாக்குங்கள், வளவில் நிற்பவர் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கக் கூடாது. எழுத்தைப் பெரிதாக்க வழி கொடுங்கள், எங்களுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இணையம் இல்லாமலும் எல்லா வசதியும் கிடைக்கட்டும். ஆறாம் பாகத்தில் இணைப்பு இல்லாவிட்டால் சில வசதிகள் கிடையாது. எங்கள் ஊரில் கோடை மழைக்கு மின்சாரம் போனால் கூடவே இணையமும் போகும், மடிக்கணினி மட்டும்தான் தாக்குப்பிடிக்கும். ஆட்டத்தின் சொற்களைத் தனிக் கோப்பில் திறந்து வையுங்கள். தமிழில் பெயர்க்க நாங்களே இருக்கிறோம். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடையாமல் தெரிந்தால் போதும்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. 2015-இல் மூன்றாம் பாகத்தை உயர்தெளிவில் மறுபடி வெளியிட்டார்கள். அதில் அதன் விரிவாக்கங்களான 'ஆர்மகெடன்ஸ் பிளேட்' இல்லை, 'ஷேடோ ஆஃப் டெத்' இல்லை. அவற்றின் மூலநிரல் கிடைக்கவில்லை என்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இங்கே வீடு இடிக்கும்போது கதவு, நிலை, பீங்கான் எல்லாம் பழம்பொருள் கடைக்குப் போகும், அதற்கெல்லாம் விலை உண்டு. மூன்று தலைமுறைப் பேரேடுகள் கிலோக் கணக்கில் பழைய பேப்பருக்குப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாம் பாகத்தை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பவர்கள், 2011 முதல் 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்று புதுக் கோட்டைகளையே சேர்த்துவரும் ரசிகர்கள். பேரேடு தொலைந்த கடையை வெளியில் நின்று நடத்துகிறார்கள். உங்கள் நிரலை ஒழுங்காகப் பிரதி எடுத்து, இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். வரைபடம் செய்யும் கருவியை முதல் நாளிலிருந்தே எங்கள் கையில் கொடுங்கள்.

ஐயா 2009-இல் காலமானார். நீள நோட்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன். கடைசிக் கணக்கு, தம்பியோடு ஆடிய ஒரு பெரிய வரைபடத்தின் ஐந்தாவது வாரத்தில் நிற்கிறது. என் பக்கத்தில் கந்தகம் 9 என்று ஐயா கையெழுத்தில் இருக்கிறது. தை மாதம் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு எல்லாப் புள்ளியும் ஊருக்கு வருகிறோம். ஆட்டம் எப்போது வந்தாலும் அதற்கடுத்த படைப்புக்கு அந்த மேசைமேல் அது இருக்கும். நோட்டில் பின்பக்கம் நாற்பது தாள் வெற்றாகக் கிடக்கிறது.

அன்புடன்,
ஐந்து புள்ளி வீட்டு ஆச்சி