சுகமான முடிவா அது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் 'லெட் தி ரைட் ஒன் இன்' என்ற ஸ்வீடன் நாட்டுப் படத்தைப் பற்றி எழுதியவர், பனியில் பூத்த காதல் என்றும் முடிவு சுகமானது என்றும் சொல்லியிருந்தார். காதல் சரி. முடிவு சுகம் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. (2008இல் வந்த படம், முடிவைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.)

வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு எங்களுடையது. மே மாத இரவில், மின்விசிறி அனலை வாரி இறைக்க, அண்ணனின் லேப்டாப்பில் பார்த்தோம். திரை முழுக்கப் பனி. பெரும்பகுதியை ஸ்வீடனின் வடக்கே லூலியோவில் எடுத்தார்களாம். கதை நடப்பது 1980களின் தொடக்கத்தில், ஸ்டாக்ஹோமின் புறநகரான பிளாக்கபெர்க்கில். அங்கேயும் ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகள்தான். ஆஸ்கர் என்ற 12 வயதுப் பையன் அறைச் சுவரைத் தட்டி, பக்கத்து வீட்டு ஏலியோடு மோர்ஸ் குறியீட்டில் பேசுகிறான். எங்கள் சுவரில் காதை வைக்காமலே பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணிவிடலாம். அதனால் அந்தச் சுவரை உடனே நம்பிவிட்டேன்.

இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும் என்பார் எங்கள் ஆயா. காட்டேரியாக இருக்குமாம். ஏலியும் இரத்தம் குடிக்கும் காட்டேரிதான். ஆனால் அந்த ஊர்க் காட்டேரிக்கு வேறு சட்டம்: வீட்டிலிருப்பவர் அழைத்தால்தான் வாசலைத் தாண்டலாம். ஆஸ்கர் வேண்டுமென்றே அழைக்காமல் சீண்டுகிறான். ஏலி உள்ளே வந்து நிற்கிறாள். சில நொடிகள் ஒன்றும் ஆவதில்லை. பிறகு முதுகில் இரத்தம் கசிகிறது. தலையில், காதில், கண்ணில். ஆயாவுக்கு ஸ்வீடிஷும் தெரியாது, கீழே ஓடும் ஆங்கிலமும் தெரியாது. "கூப்பிட்டுத் தொலையேன், பாவம்!" என்று அவனைத் திட்டினார்.

என் வழக்கு ஹோக்கனைப் பற்றியது. ஏலியோடு குடிவரும் அந்த நடுத்தர வயதுக்காரரைக் கட்டுரையாளர் ஒரு வரியில் தாண்டிவிட்டார். ஹோக்கன் காட்டில் ஒருவனை மயக்கி, மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு, புனல் வைத்துக் கேனில் இரத்தம் பிடிக்கிறார். ஆயா ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றிய புனல் எங்கள் பரணில் கிடக்கிறது. அதே மாதிரிப் புனல். ஒரு வெள்ளை நாய் வந்து உட்கார்ந்து அவரையே பார்க்கிறது. விரட்டினால் போகவில்லை. காரியம் கெட்டு வீடு திரும்பி ஏலியிடம் வசவு வாங்குகிறார். இன்னொரு முறை மாட்டிக்கொண்டபோது, அடையாளம் தெரியக்கூடாதென்று தன் முகத்தில் தானே அமிலத்தை ஊற்றிக்கொள்கிறார். அதுவும் காதல்தானே?

ஆஸ்கரைக் கொடுமைப்படுத்திய பையன்களை ஏலி பழிவாங்கும் நீச்சல் குளக் காட்சியில் அண்ணன் கைதட்டினான். ஏழாம் வகுப்பில் என் பல்லைக் கேலி செய்த கூட்டம் நினைவுக்கு வந்ததால் நானும் தட்டினேன், மறைக்கவில்லை. ஆனால் கடைசியில் ரயிலில் ஆஸ்கர் உட்கார்ந்திருக்கிறான், காலடியில் பெட்டி, அதற்குள் ஏலி. அடுத்த ஊரில் ஏலிக்குப் பசிக்குமே, கேனையும் புனலையும் யார் எடுப்பது? ஆஸ்கருக்கு 45 ஆகும்போதும் ஏலிக்கு 12தான். ஹோக்கன் எப்படி வந்து சேர்ந்தார் என்று படம் சொல்வதில்லை. நான்தான் முடிச்சுப் போடுகிறேன். போடாமல் இருக்க முடியவில்லை.

படம் முடிந்ததும் ஆயா ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பையன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தானா?"

இல்லை என்றேன்.

இப்படிக்கு,
ஒரு பிளஸ் டூ மாணவி,
வியாசர்பாடி, சென்னை – 39