மூன்று தொட்டி, ஒரே கறுப்புக் கவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

காட்பாடியில் பல சின்ன கம்பெனிகள் ஒரே தளத்தைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை செய்கிற இடம் ஒன்றில் நானும் ஒரு மேசைக்கு வாடகை கட்டுகிறேன். அங்கே பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று தொட்டி, எதில் எதைப் போடுவது என்று படம் வேறு ஒட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் ஹவுஸ்கீப்பிங் அக்கா வந்து மூன்றையும் ஒரே கறுப்புக் கவரில் கவிழ்த்துக் கட்டிக் கீழே கொண்டுபோகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நிர்வாகம் அவர் கையில் கொடுப்பதே ஒரு கவர்தான்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை என்று குப்பை உண்டாகிற இடத்திலேயே பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது 2016-லேயே வந்த விதி. எங்கள் கவரைக் காலையில் அவிழ்த்து, எச்சில் சோற்றுக்குள் கைவிட்டுப் பிரிப்பது மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர். குப்பையிலும் காசு இருக்கிறது என்று ஊர் ஊராகச் செய்து காட்டிய 'வேலூர்' சீனிவாசனின் ஊரில் இந்த நிலைமை.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணி பார்சல் வந்தால் கத்தரிக்காய்த் தொக்கு ஒட்டிய டப்பா நேராக நீலத் தொட்டிக்குப் போகும், அடியில் கிடக்கிற ஏ4 காகிதம் முழுக்க எண்ணெய் இறங்கிவிடும், அப்புறம் எந்தப் பழைய பேப்பர் கடைக்காரர் அதை எடைக்கு எடுப்பார்? பேப்பர் கப் இன்னும் மோசம். பேப்பர்தானே என்று பாதி டீயோடு போடுகிறார்கள், உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது சாதாரணக் காகிதத்தோடு சேராது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு, ஆனாலும் பேன்ட்ரியில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தால் தீர்ந்தது, கழுவச் சோம்பல்.

பழைய மவுஸ், சார்ஜர், பேட்டரி எல்லாம் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியவை. காயலான் கடைக்குப் போனால் செம்புக்காக ஒயரைக் கொளுத்திவிடுவார்கள், புகை நமக்குத்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மேசைக்கு மேசை இருக்கிற குட்டித் தொட்டிகளை எடுத்துவிடுங்கள், எழுந்து நடந்துபோய்ப் போடும்போது எதில் போடுகிறோம் என்று நாலு பேர் பார்ப்பார்கள். தொட்டிக்கு ஒரு கவர் கொடுங்கள். அட்டைப்பெட்டி, காகிதம் விற்ற காசு அக்காவுக்கே என்று சொல்லிவிட்டால் பிரித்தது பிரித்தபடியே கீழே போகும். பராமரிப்புக்கு என்று மாதாமாதம் எங்களிடம் வாங்குகிற பணத்தில் கூடுதலாக இரண்டு கவர் வாங்க முடியாதா?

கலந்த குப்பைக்கு மாநகராட்சி அபராதம் போடுவதென்றால் கட்டிட நிர்வாகத்தின் பெயரில் போடட்டும். அதை அக்காவின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்பதையும் அந்த நோட்டீசிலேயே எழுதிவிடட்டும்.

– ஒரு வாசகி, காட்பாடி