திட்டுவதற்கு எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும்: மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆணையர் அவர்கள், தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், கோயம்பேடு, சென்னை.
அனுப்புநர்: திருச்சி மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில் மாவு மில் வைத்திருக்கும் வாக்காளர்.
நவம்பர் 2025

மதிப்புக்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

போன புதன்கிழமை எங்கள் ஊர் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், மூன்றாவது முறையாக என் மில்லுக்கு வந்தார். அங்கன்வாடியில் வேலை பார்க்கிற பெண். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கான படிவங்களை வீட்டுவாரியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். முதல் முறை வந்து படிவம் கொடுத்தார். அடுத்த முறை பழைய பட்டியலில் என் அப்பா பெயர் எங்கே இருக்கிறது என்று அவரே செல்போனில் தேடிக் கொடுத்தார். மூன்றாம் முறை வந்து வாங்கிப் போனார். ஓர் ஓட்டும் விட்டுப்போகக் கூடாதாம். கிளம்பும்போது கேட்டேன்.

"ஏம்மா, இந்த லிஸ்ட்ட வெச்சுத்தானே பஞ்சாயத்து எலெக்‌ஷனும் நடத்துவாங்க?"

"ஆமாண்ணே."

"அது எப்பம்மா?"

சிரித்துவிட்டார். "அதக் கேக்க இந்த ஃபாரத்துல கட்டம் இல்லண்ணே."

அன்று காலைதான் ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மறுபடியும் நின்றிருந்தது. அந்தச் சிரிப்பும் அந்த மோட்டாரும் இல்லாவிட்டால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

பின்னணியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நீங்கள் நடத்திய தேர்தலில் 27 மாவட்டங்களில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-ஈ பிரிவு சொல்வதும் உங்களுக்குத் தெரியும். பத்து மாதம் ஓடிவிட்டது. எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலி மேல் இப்போது பழைய பேனர் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் தேர்தல் நாளைச் சட்டமன்றத் தேர்தல் நாளோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஒரே நாளில் முடியுமென்றால் ஒரே நாளில். முடியாதென்றால் அது முடிந்து இத்தனை நாளுக்குள் என்று சட்டத்தில் எழுதி வையுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதை அந்த மோட்டாரை வைத்தே சொல்கிறேன்.

இந்தச் சித்திரையில் அது முதல் முறை எரிந்தது. முன்பெல்லாம் எரிந்தால் என்ன நடக்கும்? விடிகிற நேரத்தில் பத்துப் பெண்கள் காலிக் குடத்தோடு தலைவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். எங்கள் தலைவர் பெண்கள் இடத்தில் ஜெயித்து வந்தவர். நிர்வாகத்தில் பாதி அவர் வீட்டுக்காரருடையது என்பதும் ஊருக்கே தெரியும், மறைப்பானேன். ஆனாலும் குடத்தோடு போனால் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து நின்றது அந்த அம்மாதான். "ஓட்டு கேக்க வந்தப்ப இந்த வாசல் தெரிஞ்சுச்சு, இப்ப தெரியலையா" என்று நாலு பேர் நாலு விதமாகத் திட்டுவார்கள். அவரும் பதிலுக்குக் கத்துவார். பத்து மணிக்குள் மெக்கானிக் வந்துவிடுவார். தலைவரும் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட்டால் பணம் வரும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். வராவிட்டால் அவரும் அதே வாசலில் போய் நிற்கலாம்.

இந்தச் சித்திரையில் எந்த வாசலில் நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தொட்டி ஆபரேட்டர் கிளார்க்கைக் கைகாட்டினார். கிளார்க், "தனி அலுவலர் கையெழுத்து வேணும், ஃபைல் போயிருக்கு" என்றார். தனி அலுவலர் என்பவர் தலைவர் இல்லாத ஊராட்சிகளைப் பார்த்துக்கொள்ள அரசு போட்ட அதிகாரி, ஒன்றிய அலுவலகத்தில் இருப்பவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் 388 ஒன்றியங்கள், 12,525 ஊராட்சிகள். வகுத்துப் பார்த்தால் ஓர் ஒன்றியத்துக்கு முப்பதுக்கு மேல் வருகிறது. முப்பது ஊர் மோட்டாரும் முப்பது ஊர் தெருவிளக்கும் முப்பது ஊர்ச் சாக்கடையும் ஒரே மனிதரின் மேசையில். நாங்கள் போன அன்று அவர் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போயிருந்தார். அடுத்த நாள் வேறு கூட்டம்.

பதினோரு நாள். என் மில்லுக்கு அரைக்க வருகிற பெண்கள் ஒரு கையில் மாவுத் தூக்கும் மறு கையில் குடமுமாக வந்தார்கள். அரைத்து முடித்த கையோடு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு நடை. மிளகாய் அரைக்க வந்த ஒரு பாட்டி, கை கழுவத் தண்ணீர் கேட்டுவிட்டு, நான் எடுத்து வருவதற்குள் "வேணாம்யா, குடிக்க வெச்சுக்க" என்று முந்தானையில் துடைத்துக்கொண்டார். மிளகாய்த்தூள் பட்ட கையை. கடைசியில் வீட்டுக்கு இருநூறு ரூபாய் வசூல் பண்ணி நாங்களே மோட்டாருக்குக் காயில் கட்டினோம்.

அந்தப் பதினோரு நாளில் யாரும் யாரையும் திட்டவில்லை. அதிகாரியை எப்படித் திட்டுவது? அவர் எங்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை, நாளைக்கும் வரப்போவதில்லை. மனுக் கொடுக்கலாம், ரசீது வாங்கலாம். எங்களுக்கு வேண்டியது திட்டுவதற்கு ஓர் ஆள். அந்த ஆளைக் கொடுப்பதற்குத்தான் உங்கள் ஆணையமே இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது தேதி விஷயத்துக்கு வருகிறேன். நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1996, 2001, 2006, 2011 ஆகிய நான்கு முறையும் கோடையில் சட்டமன்றத் தேர்தல், அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். பத்துத் தேதி முன்னே பின்னே இருந்தாலும் ஐப்பசியில் பஞ்சாயத்து எலெக்‌ஷன் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆளும் கட்சி மாறினாலும் அந்த வழக்கம் மாறவில்லை. 2016-இல்தான் அறுந்தது. அக்டோபர் 17, 19 என்று தேதி அறிவித்து வேட்புமனுவும் வாங்கிய பிறகு, பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியில்லை என்று அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்றம் செய்தது தவறென்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதத்தில் சரிசெய்து நடத்தியிருக்கலாம். மூன்று வருடம் ஆயிற்று.

பிறகு காரணங்களுக்குப் பஞ்சமில்லை. வார்டு மறுவரையறை, அப்புறம் மாவட்டப் பிரிப்பு, இப்போது ஊராட்சிகளை மாநகராட்சியோடும் நகராட்சியோடும் இணைப்பது. அடுத்தது என்னவென்று இப்போதே தெரிகிறது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குப் போயிருக்கிறது, அது வரட்டும் என்பார்கள். ஒதுக்கீடு சரியாக வேண்டும், வரையறை சரியாக வேண்டும், எல்லாம் சரி. ஆனால் சட்டமன்றத்துக்கு மட்டும் இந்தக் காரணங்கள் ஒன்றும் ஒட்டுவதில்லையே, அது எப்படி? 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி, கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தபோது, கையுறை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். கோட்டையில் ஒரு நாள்கூட தனி அலுவலர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் என்ன என்று சில நாள் எனக்குத் தோன்றும். 234 தொகுதிக்கும் ஒரே ஒரு அதிகாரி. எவ்வளவு செலவு மிச்சம்!

மன்னிக்கவும். எழுத எழுதக் கை போய்விட்டது.

சொல்ல வந்தது இதுதான். சட்டமன்றத் தேர்தல் வண்டி எப்படியும் நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. எங்கள் பெட்டியை அதன் பின்னால் மாட்டிவிட்டால் நாங்களும் போய்ச் சேருவோம். தனியாக நிறுத்தினால் யார்டிலேயே நின்றுவிடுகிறது. இது ஒன்றும் என் மில்லில் அரைத்த புது யோசனை இல்லை. ஒரே நாடு ஒரே தேர்தல் பற்றி ஆராய்ந்த ராம்நாத் கோவிந்த் குழு 2024 மார்ச்சில் கொடுத்த அறிக்கையிலேயே, பொதுத்தேர்தல் முடிந்து 100 நாளுக்குள் உள்ளாட்சித் தேர்தல் என்று இருக்கிறது. ஆனால் அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவில் மக்களவையும் சட்டமன்றமும் மட்டும் வந்தன, உள்ளாட்சி வரவில்லை. அங்கேயும் எங்களை யார்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரே நாடு ஒரே தேர்தலை எதிர்த்து நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, எனக்கும் அதில் உடன்பாடுதான். எங்கள் ஊர்த் தேர்தலை டெல்லியோடு கட்டச் சொல்லவில்லை. கோட்டையோடு கட்டுங்கள் என்கிறேன்.

இதில் சிக்கல் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தத் தேர்தல் இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது, இது உங்களுடையது. அங்கே இயந்திரம், எங்களுக்கு வாக்குச்சீட்டு. ஒரே நாளில் வைத்தால் ஒரு கிழவி ஐந்து ஓட்டுப் போட வேண்டும், குழம்புவார் என்பார்கள். என் அம்மாவுக்கு 71 வயது. 2019-இல் வெள்ளை வார்டுக்கு, ரோஸ் தலைவருக்கு, பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு என்று எனக்கே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவர். அவரைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரிய கட்சிச் சத்தத்தில் சின்ன ஊர்ப் பிரச்சினை அமுங்கிவிடும் என்றும் சொல்வார்கள். இது நியாயமான பயம்தான். அதற்காகவே ஒரே நாள் என்று அடம்பிடிக்காமல், நூறு நாளுக்குள் என்றாலும் சம்மதம் என்கிறேன்.

நகரத்தாருக்கும் இதில் லாபம் உண்டு. எங்கள் கிராமங்களில் 2019-இல் நூற்றுக்கு 76 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டோம். வருகிற ஆள் எண்ணிக்கை எங்கள் கவலை இல்லை, தேதிதான் கவலை. சென்னையில் தலைகீழ். 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை, லீவும் விட்டு நடத்திய மாநகராட்சித் தேர்தலுக்கு நூற்றுக்கு 44 பேர்கூட வரவில்லை. அதே சென்னை பத்து மாதம் முன்னால் சட்டமன்றத்துக்கு 59 பேர் போட்டது. சென்னைக்காரர்களைச் சோம்பேறி என்று சொல்வது சுலபம். 1973-இல் மாமன்றத்தைக் கலைத்துவிட்டு 1996 வரை தேர்தலே இல்லாமல் வைத்திருந்த ஊர் அது. 2016-இலிருந்து 2022 வரை மறுபடியும் கவுன்சிலர் இல்லை. ஒரு தலைமுறைக்கே பழக்கம் விட்டுப்போனால் வாக்குச்சாவடி எங்கே என்று யாருக்கு நினைவிருக்கும்? நாளைச் சேர்த்தால், மாநகராட்சி, நகராட்சிக் கவுன்சிலர்களுக்கு இந்த முறை சில மாதப் பதவி குறையும். 2027 மார்ச் வரை அவர்களுக்குக் காலம் இருக்கிறது, கோபப்படுவார்கள். எங்கள் தலைவர்களுக்குப் பத்து மாதமாக ஒன்றுமே இல்லை என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

பணமும் ஒரு பக்கம் முடங்கும். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு மத்திய நிதி ஆணைய மானியம் வருவதில் என்ன சிக்கல் என்பதை 2016-க்குப் பிறகு பார்த்துவிட்டோம். அதை விரித்து எழுதினால் என் ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன். சோழர் காலத்து ஊர்த் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் இழுக்க மாட்டேன், அது மேடைக்காரர்களின் சொத்து. அங்கே வாரியத்தாருக்கு 360 நாள்தான் பதவி என்பதை மட்டும் யாராவது மேடையில் சொன்னால் தேவலை. நவம்பர் 1-ஐ உள்ளாட்சி நாள் என்று அரசு அறிவித்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. உள்ளாட்சியும் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

உங்கள் அலுவலகத்துக்கு எதிரே கோயம்பேடு பேருந்து நிலையம். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று அங்கே பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டி தாமதமானால் நேரக் காப்பாளரிடம் போய்ச் சண்டை போடலாம். அப்படி ஒரு பலகைதான் எங்களுக்கும் வேண்டும்.

வார்டு வரையறையும் இட ஒதுக்கீடும் அரசு முடித்துக் கொடுத்தால்தான் நீங்கள் தேதி சொல்ல முடியும் என்பது புரிகிறது. அதனால் இந்த மடலின் நகலை ஊரக வளர்ச்சித் துறைக்கும் நகராட்சி நிர்வாகத் துறைக்கும் அனுப்புகிறேன். ஆனால் தேர்தலுக்குப் பொறுப்பு அரசியல் சட்டப்படி உங்களுடையது. அரசிடம் கேட்க வேண்டியதை எங்களைவிட நீங்கள் கேட்டால் காதில் விழும். 2026 சட்டமன்றத் தேர்தல் வருகிறது. அந்த நாளோடு எங்கள் நாளையும் சேர்த்துத் தரும்படியும், இனி ஒவ்வொரு ஐந்தாண்டுக்கும் அது பிரியாதபடி சட்டத் திருத்தம் கேட்டு அரசுக்கு எழுதும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மோட்டார் நேற்று மாலை ஓடத் தொடங்கியது. இந்த முறை வீட்டுக்கு நூற்றைம்பதுதான் ஆயிற்று. இரண்டு தடவைக்கான ரசீதும் என் மில்லில் கல்லாப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது. யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஊராட்சி வாக்காளர்