மனுவும் தீர்மானமும்: செட்டிநாட்டுப் படிப்பகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களின் சங்கங்கள், படிப்பகங்கள், பொதுக்கூடங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கூடங்களில் மாதம் ஒரு மாலையை ஊர்க்காரியம் பேசுவதற்கென்று ஒதுக்கித் தர வேண்டுகிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடப்பதைப் பற்றிப் பெண்கள் ஆண்டுதோறும் கிராம சபையில் மனு கொடுத்து வந்தார்கள். மனு கோப்புக்குள் போகும், காரியம் அதோடு நின்றுவிடும். சென்ற முறை, நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்மணி எழுந்து, "மனுவா வாங்க வேணாங்கய்யா, தீர்மானமா எழுதுங்க, எழுதுனத எங்க முன்னாலயே வாசிச்சுக் காட்டுங்க" என்றார். பதிவேடு திறக்கப்பட்டது, தீர்மானம் எழுதி வாசிக்கப்பட்டது, அதன் கீழே கையெழுத்துகளோடு நான்கைந்து பெருவிரல் ரேகைகளும் பதிந்தன. மனு என்றால் கேட்பவர் கீழே நிற்கிறார். தீர்மானம் என்றால் முடிவெடுப்பது சபை. அந்த வேறுபாட்டை அவர் தெரிந்துகொண்டது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் படிப்பகத்துத் திண்ணையில் சில மாலைகள் பேசியதைக் கேட்டுத்தான். வரத்துக்கால் இன்னும் முழுதாகத் தூர்வாரப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் அந்தச் சபையில் எந்தச் சொல்லைச் சொன்னால் எது நடக்கும் என்பதைச் சட்டம் வந்து கற்றுத் தருவதில்லை. அது பேசிப் பேசித்தான் பழக வேண்டியது.

பெண்களின் சொத்துரிமையையே பாருங்கள். பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு என்பதுதான் நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்த பேச்சு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தபோது அதற்குச் சட்டவலிமை எதுவும் கிடையாது. ஆனாலும் சீர் என்ற சொல் இருந்த இடத்தில் உரிமை என்ற சொல் மேடையிலும் ஏட்டிலும் விடாமல் புழங்கியது. காரைக்குடியிலிருந்து சொ. முருகப்பா நடத்திய 'குமரன்' போன்ற ஏடுகள் பெண்களின் நிலையைப் பொதுவில் பேசத்தக்க பொருளாக்கின. வீட்டுக்குள் முணுமுணுப்பாக இருந்த கைம்பெண் மறுமணம் அச்சில் வாதமானது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. நாடு முழுமைக்கும் வர 2005 ஆயிற்று. 1989க்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்கு மாநிலச் சட்டத்தில் அந்தப் பங்கு கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அறுபது ஆண்டுப் பேச்சு இன்னும் சற்று முன்னதாகவே பலித்திருக்கக் கூடாதா?

1919இல் பாரதியாரை அழைத்துப் பேசவைத்த ஊர் காரைக்குடி. அவரை வரவேற்ற இந்து மதாபிமான சங்கம் போன்ற அமைப்புகள் சொல்லுக்கு ஒரு கூரை கொடுத்தன. இன்று நம் கூடங்களில் பல விசேஷங்களுக்கு மட்டுமே திறக்கின்றன.

ஒவ்வொரு கிராம சபைக்கும் பத்து நாள் முன்னதாக அதன் பொருள்நிரலை வாசித்து விவாதிக்க இடம் கொடுங்கள். அடுப்பு வேலை முடிந்து பெண்கள் வரக்கூடிய நேரமாகப் பாருங்கள். பேசியதை எழுதி வைக்க ஒரு நோட்டும், சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரம் அறிவிப்புப் பலகையிலும் இருந்தால் போதும்; மின்கட்டணத்தை வாசகர்களாகிய நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
படிப்பக வாசகர் ஒருவர்,
காரைக்குடி வட்டாரம்