ரத்தப் பரிசோதனை முடிவுடன் அதன் நிச்சயமின்மையையும் அச்சிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மூன்று வார இடைவெளியில் இரு வேறு ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்ட என் அத்தையின் ‘எச்பிஏ1சி’ (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும்) அளவு முதலில் 6.8 விழுக்காடு என்றும் பின்னர் 7.1 விழுக்காடு என்றும் வந்தது. மருத்துவர் வகுத்துத் தந்த 7 என்ற வரம்பைத் தாண்டிவிட்டோமே என்று அஞ்சிய அவர், நீரிழிவு மாத்திரையை வழக்கம்போல் உட்கொண்டு இரவு உணவை மட்டும் நிறுத்திவிட்டார். சில மாத்திரைகளுடன் இது ஆபத்தில் முடியக்கூடும் என்பதால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இரு எண்களும் முரண்பட்டவை என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு கூடத்தின் அளவீட்டுக்கும் திட்ட விலக்கம் (ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளந்தால் விடைகள் எவ்வளவு சிதறும் என்பதன் அளவு) 0.14 என்று வைத்துக்கொண்டால், இரு முடிவுகளின் வேறுபாட்டுக்குரிய திட்ட விலக்கம் ஏறத்தாழ 0.2 ஆகும். ஆகவே, உடலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, அதன் இருமடங்கான 0.4 வரை வேறுபாடு தோன்றலாம். அத்தைக்கு வந்ததோ வெறும் 0.3.

கூடங்களை ஒப்பிடுவதற்கு முறையான வழி உண்டு. ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பி, ஒவ்வொன்றும் தரும் விடை உரிய மதிப்பிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்று கணக்கிடுவார்கள். இதுவே ‘இசட் மதிப்பெண்’. அது 2-க்குள் இருந்தால் ஏற்கத்தக்கது, 2-க்கும் 3-க்கும் இடையில் எச்சரிக்கை, 3-ஐத் தொட்டால் குறையைக் கண்டறிந்து திருத்தியாக வேண்டும்.

ஆனால், தேர்ச்சியை மட்டும் பார்ப்பது போதாது என்பதே என் கவலை. ஒரு கூடம் தொடர்ந்து ஐந்து சுற்றுகளில் 1.4, 1.6, 1.5, 1.3, 1.7 என்று இசட் மதிப்பெண் பெற்றால், ஒவ்வொரு முறையும் அது தேர்ச்சி பெற்றதாகவே பதிவாகும்; உண்மையில் அது எப்போதும் கூடுதலாகவே அளந்துகொண்டிருக்கிறது. தற்செயலான பிழை இருபுறமும் சிதறும், ஒரே பக்கம் சாயாது. வரம்பை ஒட்டி நிற்கும் நோயாளிக்கு இந்தச் சாய்வுதான் மாத்திரையின் அளவையே மாற்றிவிடுகிறது. (நம் தென்கிழக்காசிய வட்டாரத்தில் பரவலாகக் காணப்படும் ஹீமோகுளோபின் ‘இ’ போன்ற, ரத்தப் புரதத்தின் மரபுவழி மாறுபாடுகளும் சில அளவீட்டு முறைகளைப் பாதிக்கின்றன என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.)

மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 என்ற அனைத்துலகத் தரநிலையின்படி, அளவீட்டு நிச்சயமின்மை குறித்த தகவலை, கேட்பவர்களுக்குக் கூடங்கள் தர வேண்டும். கேட்க வேண்டும் என்றே அறியாத முதியவர்கள் எப்படிக் கேட்பார்கள்? முடிவுத்தாளிலேயே ‘7.1, கூட்டல் அல்லது கழித்தல் 0.3’ என்பதுபோல் அச்சிடுவதற்கும், தொடர் கண்காணிப்புக்கு இயன்றவரை ஒரே கூடத்தை நாடும்படி நோயாளிகளுக்குச் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அறிவுறுத்துவதற்கும் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர்,
ஈசூன்